கொறட்டுக்குப் பிறந்த நாலாவது பெண்

ஜோவிதாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அவள் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டாள். சீரியல் லைட்டை எங்கே சொருகியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். பிளக் இல்லாமல் வெறும் வயரை ஓட்டைக்குள் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தால் அன்றைக்கு அந்த மண்டபத்துக்காரன் தொலைந்தான். பந்தியில் பாயசம் வருவதற்குள் அவனை இழுத்து வந்து நிறுத்தி, தீக்குச்சியைப் பிடுங்க வைத்துவிட்டுத்தான் கையைக் கழுவுவாள்.

கோயிலிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே மைக் கொரகொரவென்று இழுத்தது. எல்லோரும் பக்தியோடு பொறுத்துக்கொண்டிருக்க, இவள் எழுந்து போய் சாமியாரின் காலடியில் குனிந்து வயரை ஒரு பார்வை பார்த்தாள். ஃபாதர் அதுவரை மூன்றே பாயிண்டில் முடிப்பதாகச் சொல்லியிருந்தார். மைக் சரியானதும் ஐந்தாக்கிவிட்டார். அந்தக் கோபம் பலருக்கு இன்னும் ஜோவிதாவின் மேல் இருக்கிறது.

சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை வீடு. புருஷன் ஓஸ்வால்ட் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்பதால் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. அந்த வேலையையும் ஜோவிதாவே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் ஒரு பஸ், அப்புறம் மெட்ரோ என்று வைட்ஃபீல்ட் பக்கம் போவாள். கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிற கூட்டமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழையும்போது, இவள் டிபன் பையோடு அந்தக் கட்டடங்களின் முதுகுப்பக்கம் திரும்பி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டுக்குள் நுழைவாள். ஒன்பது பெண்கள், ஒரு முதலாளி. மிஷின்களுக்கு உள்ளே ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற இடம். பதினெட்டு வருஷமாக ஜோவிதா அங்கே செய்தது ஒரே வேலைதான். வயர் நுனியில் டெர்மினல் வைத்து, கையில் பிடித்த கொறட்டால் ஒரு அழுத்து.

இதில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். டெர்மினல் என்பது அரிசி அளவு உலோகம். அதற்கு முன்னால் இரண்டு காது, பின்னால் இரண்டு காது. வயரின் தோலை நுனியில் மட்டும் சீவி, உள்ளே இருக்கிற செம்பு இழைகளில் ஒன்றுகூட அறுபடாமல் அதில் படுக்க வைக்க வேண்டும். முன்காது செம்பை அணைக்கணும், பின்காது தோலை அணைக்கணும். தோல் போய் முன்காதில் மாட்டினால் கரண்டு போகாது. அதை அப்படியே கொறட்டின் வாயில் வைத்து அழுத்தினால் காதுகள் மடிந்து உள்ளே சுருண்டுகொள்ளும். முழுசாக அழுத்தி முடிக்கிறவரை அந்தக் கொறடு வாயைத் திறக்காது, பாதியில் மனசு மாறினாலும் விடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தக் குழியில் வைக்கிறோம் என்பது. கொறட்டின் வாயில் பெரிசும் சிறிசுமாகக் குழிகள் இருக்கும். தடித்த வயருக்குப் பெரிய குழி, மெல்லிய வயருக்குச் சின்னக் குழி. மாற்றிப் போட்டால் ஜாக்கெட் அளவு தப்பின கதைதான். லூசாக இருந்தால் உடனே தெரிந்துவிடும், கழன்று வரும். டைட்டாகப் போனால்தான் ஆபத்து. போட்டுப் பார்க்கும்போது சிக்கென்று அழகாகத்தான் இருக்கும். கையைத் தூக்கும்போதுதான் கக்கத்தில் கிழியும்.

முதலாளி ரகுராம் நல்ல மனுஷன். குழிகளின் நம்பரையெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். அதை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஜோவிதா சேர்ந்த புதிதில், பழைய கொறட்டின் மூன்று குழிகளையும் பார்த்து, இதென்ன எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறதே என்றாள். அவள் வீட்டிலும் மூன்று பெண்கள். அக்கா சோஃபியா அத்திபெலேயில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள், தங்கச்சி அன்னா டீச்சர். உடம்பும் அந்த வரிசையில்தான். அன்றையிலிருந்து உள்பக்கம் இருக்கிற பெரிய குழி மூத்தவ, அடுத்தது நடுவுலவ, நுனியில் இருப்பது சின்னவ. தமிழ்க்காரிகள், கன்னடக்காரிகள், ஒடிசாவிலிருந்து வந்தவள், எல்லோருக்கும் அதே பெயர்தான். ‘சின்னவள்ல போடு’ என்றால் கை தானாக நுனிக்குப் போகும். யாரும் நம்பரைத் தேடியதில்லை, பதினெட்டு வருஷமாகத் தப்பும் வந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஜோவிதாவின் வலது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. கட்டைவிரலின் அடியில் பிடித்து இழுக்கும். சட்டியைத் தூக்கினால் இழுக்கும், துணியைப் பிழிந்தால் இழுக்கும், கொறட்டை அழுத்தினால் உயிர் போகும். டாக்டர் மூன்று மாசம் அழுத்துகிற வேலையே கூடாது என்றார். அவள் அந்தச் சீட்டை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோனியா என்கிறவள் தோள் வலி என்று முதலாளியிடம் சொன்னாள். ரகுராம் ரொம்ப அக்கறையாக, வீட்டில் இருந்து நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா என்றார். அவள் ரெஸ்ட் எடுத்தாள். அவளுடைய ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்தாள். தோள் சரியாகி சோனியா திரும்பி வந்து பார்த்தபோது ஸ்டூல் காலியாக இல்லை. யாரும் அவளைத் துரத்தவில்லை, திட்டவில்லை. இடம்தான் இல்லை. ஜோவிதாவுக்குத் தன் ஸ்டூல் வேண்டும். வீட்டில் அவள் ஓஸ்வால்டின் பெண்சாதி, தெருவில் கோள் சொல்லத் தெரியாத பொம்பளை. அந்த ஷெட்டில்தான் அவள் ஜோவிதா. வயர்க் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்து, ‘இது அவ கை’ என்று மற்றவர்கள் சொல்கிற இடம் அது ஒன்றுதான்.

ஆகையால் பக்கத்து ஸ்டூல் சரசுவோடு ஒரு ஏற்பாடு. சரசு ஹலசூர்க்காரி, இவள் வயசுதான். பதினெட்டு வருஷத்தில் இருவரும் பேசாமல் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறும். கை வலியைச் சொன்னதும் சரசு வேறொன்றும் கேட்கவில்லை. கொறட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஜோவிதா தோல் சீவுவாள், டெர்மினலை அடுக்குவாள், முடிந்ததை கனெக்டருக்குள் சொருகுவாள். அழுத்துவது எல்லாம் சரசு. பேப்பரில் ‘அழுத்தியவர்’ என்ற இடத்தில் மட்டும் ஜோவிதா கையெழுத்துப் போடுவாள். பொய்தான். இரண்டு மாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை புதுக் கொறடு வந்தது. பழையது பல் தேய்ந்துபோயிருந்தது. புதியதற்குப் பச்சைப் பிடி, பளபளவென்று இருந்தது. அந்த வாரம் செய்த வேலை ஆஸ்பத்திரி சாமான். பிறந்த குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கிற பெட்டிக்குள் ஓடுகிற வயர். ஹீட்டருக்குப் போகிறது தடிசு, குழந்தையின் உடம்புச் சூட்டைப் பார்த்துச் சொல்கிறது மெல்லிசு. ஜோவிதா வயரைச் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், மெல்லிசை சின்னவள்ல போடு என்றாள். சரசு போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சரசு கையை உதறினாள். புதுக் கொறடு மாமியார் மாதிரி விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மாட்டேனென்கிறது என்றாள். பழகப் பழக இளகும், உன் மாமியார் இளகலையா என்றாள் ஜோவிதா. இளகல என்றாள் சரசு. இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து அட்டைப்பெட்டியில் ஏறியாகிவிட்டது. நாலு மணிக்கு வண்டி வரும். கடைசிக் கட்டு ஒன்றைச் சுருட்டி பிளாஸ்டிக் டையால் கட்டுவதற்காக ஜோவிதா அதன் மெல்லிய வயரை மடக்கினாள். டெர்மினலின் கழுத்தோரத்தில் ஒரே ஒரு செம்பு இழை, தலைமுடி மாதிரி, வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவள் கட்டைவிரல் நகத்தை அந்த மடிப்பின் மேல் ஓட்டினாள். வழக்கமாக அந்த இடத்தில் நகத்துக்கு ஒரு சின்ன மேடு தட்டும். இப்போது அது தட்டையாக இருந்தது. இன்னொரு தடவை மடக்கினாள். இன்னொரு இழை வந்தது.

அந்தப் பச்சைக் கொறட்டை அவள் நாலு நாளில் முதல் தடவையாகக் கையில் எடுத்தாள், இடது கையில். வாயைப் பிரித்து வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

“சரசு, இதுல எத்தனை குழி?”

“மூணு. உனக்குத் தெரியாதா?”

“எண்ணிப் பாரு.”

சரசு விரல் வைத்து எண்ணினாள். ஒரு தடவை எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபக்கத்திலிருந்து எண்ணினாள்.

“நாலு இருக்குடி. இது எப்ப பொறந்துச்சு?”

அதுதான் விஷயம். பழைய கொறட்டின் மூன்று குழிகளும் அதே இடத்தில்தான் இருந்தன. மூத்தவளும் நடுவுலவளும் பிசகவில்லை. ஆனால் நுனியில், சின்னவளுக்கும் அந்தப் பக்கம், அவளைவிடச் சின்னதாக நாலாவதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நுனி என்றால் சின்னவ என்று பழகின கை, நாலு நாளும் அந்தப் புதியவளிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. மெல்லிய வயர் அத்தனையும் நெரிபட்டுக் கிடந்தது. பார்க்க அழகாக, சிக்கென்று, உள்ளே இழை அறுந்து.

சரசுதான் முதலில் வாயைத் திறந்தாள். விரலால் இழுத்துப் பார்த்தோமே, ஒன்றும் கழன்று வரவில்லையே என்றாள். அப்புறம் அவளே, கொறடு கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றாள். சொல்லலாம்தான். ஆனால் ரகுராம் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி என்னவென்று ஜோவிதாவுக்குத் தெரியும். அதற்குப் பதில் சொன்னால் ஸ்டூல் போய்விடும் என்பதும் தெரியும்.

அவள் இழை துருத்தின அந்தக் கட்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். அந்த வயரை ஒரு நர்ஸ் எப்படிக் கையாளுவாள் என்று யோசித்தாள். பொறுமையாக மடித்தா வைப்பாள்? அவளுக்கு ஆயிரம் வேலை. இழுப்பாள், சுருட்டுவாள், அடுத்த குழந்தைக்குத் திருப்பி இழுப்பாள். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஒரு வாரம் தாங்கும், பத்து நாள் தாங்கும். அப்புறம் பெட்டிக்குள் குழந்தைக்கு என்ன சூடு என்று மிஷினுக்கே தெரியாது. கல்யாண வீட்டுத் தீக்குச்சிக்கு ஊரைக் கூட்டினவள் இதை மூடி வண்டியில் ஏற்றிவிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மண்டபத்துக்காரனைத் திட்டுவாள்?

எழுந்து முதலாளி ரூமுக்குப் போனாள். சரசு பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

“சார், வண்டிய அனுப்பாதீங்க. மெல்லிசு வயரெல்லாம் நெரிஞ்சிருக்கு.”

ரகுராம் ஒரு வயரை வாங்கி, மேஜை ஓரத்தில் தொங்குகிற ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தார். மூன்றரைக் கிலோ தாங்க வேண்டியது இரண்டு கிலோவிலேயே பொட்டென்று அறுந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்காமல் நாற்காலியில் சாய்ந்தார். அவர் வீட்டில் கன்னடம், ஷெட்டில் தமிழ், டென்ஷனில் இரண்டும்.

“ஏன்ரீ ஜோவிதாம்மா, நீங்கதானே போட்டீங்க? மொத ஒண்ணுலயே கைக்குத் தெரியலியா?”

இதுதான் அந்தக் கேள்வி.

“தெரிஞ்சிருக்கும் சார். நான் போட்டிருந்தா.”

சொல்லிவிட்டு முந்தானைக்குள் வைத்திருந்த வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

ரகுராமுக்குக் கோபம் வந்தது. வயர் கெட்டதற்கு இல்லை, பொய்க் கையெழுத்துக்கு. கன்னடத்தில் கடகடவென்று கொட்டினார். இரண்டு மாசமாக என் கண்ணெதிரே நாடகம் போட்டீர்களா, உங்கள் கையெழுத்து இருந்ததால்தானே நான் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை ஒட்டச் சொன்னேன் என்றார். ஜோவிதா ஒன்றும் மறுக்கவில்லை. சரசுவுக்குத்தான் பொறுக்கவில்லை. சோனியாவின் ஸ்டூல் எங்கே போச்சு சார் என்று வாசலிலிருந்தே கேட்டாள். அவர் பாட்டிலைத் திறந்தார். தண்ணீர் குடித்தார்.

அப்புறம் எப்படி இத்தனையும் ஒரே குழியில் போனது என்று கேட்டார். மூத்தவ, நடுவுலவ, சின்னவ கதையைச் சொன்னார்கள். அவருக்கு அது புதுசு. பதினெட்டு வருஷமாகத் தன் ஷெட்டில் மூன்று சகோதரிகள் குடியிருப்பது அவருக்குத் தெரியாது.

“அப்ப நான் மாட்டின சார்ட்டு?”

“அதுக்குப் பின்னாடி பல்லி இருக்கு சார்” என்றாள் சரசு.

அவர் அந்த இடத்தில் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கொறட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கொறடு வந்தால் முதல் வயரைத் தராசில் மாட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். ஜோவிதாம்மா போட்டதுதானே என்று அவரும் பார்க்கவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னார். முதலாளிகள் இப்படிச் சொல்வது அபூர்வம், ஆகையால் இங்கே எழுதி வைப்பது நியாயம்.

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. ஆஸ்பத்திரி சாமான்காரர்களுக்கு போன் செய்து சனிக்கிழமை தருவதாகச் சொல்லி, அவர் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒன்பது பேரும் உட்கார்ந்து மெல்லிய வயர் அத்தனையின் நுனியையும் வெட்டி, புதிதாகச் சீவி, சரியான குழியில் போட்டார்கள். ஜோவிதாவைக் கொறட்டைத் தொட விடவில்லை. தராசை ரூமிலிருந்து வெளியே ஒரு மேஜைக்கு மாற்றி, அவளை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, பத்துக்கு ஒன்றை இழுத்துப் பார்க்கச் சொன்னார் ரகுராம். அவள் இரண்டுக்கு ஒன்றை இழுத்தாள், இடது கையால். இழுக்காததை நகத்தால் தடவினாள். தோல் உள்ளே போயிருக்கிறது, இழை ஒன்று வெளியே நிற்கிறது, இது யார் போட்டது, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று சாயங்காலம்வரை ஒருத்தியை விடவில்லை. பழையபடி கொறட்டையே கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று சரசுவே சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் வண்டி பெட்டிகளோடு போன பிறகு ஜோவிதா டிபன் பையை எடுத்துக்கொண்டு நின்றாள். போகச் சொல்வாரா, ரெஸ்ட் எடுக்கச் சொல்வாரா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். ரகுராம் தராசு மேஜையைக் காட்டினார்.

“திங்கக்கிழமைலேந்து இங்கயே உக்காருங்க. கை பேடா. கண்ணு சாகு.”

கை வேண்டாம், கண் போதும் என்கிறார். ஷெட்டில் எல்லோருக்கும் அது புரியும். ஆனால் சரசுவுக்கு அந்தக் கன்னட வார்த்தையை அப்படியே விட மனசு வரவில்லை.

“கரெக்ட் சார். கண்ணுதான் சாக்கு. வேலை செய்யாம உக்காந்து எங்களத் திட்டறதுக்கு.”

சம்பளத்தில் மாற்றம் இல்லை, கை சரியானதும் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார் ரகுராம். ஜோவிதா நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மேஜை நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வையுங்கள் என்றாள். பழைய ஸ்டூலில் யாரும் உட்காரக்கூடாது என்று தன் டிபன் துணியை அதன்மேல் விரித்துவிட்டுப் போனாள்.

பாக்கி இருந்தது நாலாவது குழிக்குப் பெயர். அதைச் சரசுவே வைத்தாள், கடக்குட்டி என்று. அந்தக் குழியோடு நாலு நாள் தன் கையை ஒடித்துக்கொண்டவளுக்கு அந்த உரிமை உண்டு. நாலு நிறத்தில் நெயில் பாலிஷ் வாங்கி வந்து ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்தார்கள். ரகுராம் புது சார்ட் அடித்தார். நம்பர் ஒரு பக்கம், அதற்கு நேரே தமிழிலும் கன்னடத்திலும் நாலு பெண்களின் பெயர். இப்போது எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். பல்லி இடம் மாறிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஜோவிதா வீட்டுக்கு வந்தபோது ஓஸ்வால்ட் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். அரிசி எடுக்கப் போனாராம். இரண்டு மாசமாக மறைத்ததற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கும் சுலபமாக இருந்திருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்த பேண்டேஜைப் பிரித்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து, ஸ்டியரிங் பிடித்துப் பழகின அந்த முரட்டுக் கையால் சுற்ற ஆரம்பித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இழுத்து, இனி இந்தக் கையை எங்கேயும் போகவிடக் கூடாது என்பதுபோலச் சுற்றினார். அவள் விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது.

“என்னங்க, கடக்குட்டியில வெச்சு நெரிக்கறீங்க” என்றாள் ஜோவிதா. “கொஞ்சம் தளத்துங்க. நான் நடுவுலவ.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தளர்த்தினார்.